சொல்லாத் துயரும் கேட்கும் செவியும்: மும்பைத் தமிழரும் உளவியல் ஆற்றுப்படுத்தலும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

துன்பத்தை வாய்விட்டுச் சொல்லுதலும் அதனைப் பிறிதொருவர் அமர்ந்து கேட்டலும் மனித வாழ்வில் மிகத் தொன்மையானவை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்தார். அதற்குரிய நிலைக்களன்களாக இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நன்னிலை கெடுதல், வறுமையுறுதல் ஆகிய நான்கினைச் சுட்டினார். துயர் என்பது காரணமற்ற மனத்தளர்ச்சி அன்று, அதற்குப் புறவாழ்வில் வேர்கள் உண்டு என்னும் தெளிவு இப்பகுப்பில் அமைந்திருத்தலைக் காணலாம்.

இன்று பதற்றம், மனச்சோர்வு, இழப்புத் துயர் ஆகியவற்றுக்குப் பேச்சின் வழியாகவே தீர்வு காணும் முறை உளச்சிகிச்சை என்றும் உளவியல் ஆலோசனை என்றும் வழங்கப்பெறுகிறது. இம்முறை இந்தியாவில் காலூன்றிய நகரங்களுள் மும்பை முதன்மையானது. அந்நகரில் தமிழர் நூறாண்டுகளுக்கு மேலாகப் பெருந்தொகையினராக வாழ்ந்து வருகின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராட்டிர மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சற்றேறக்குறைய ஐந்து இலட்சம். பேச்சையே மருந்தாகக் கொண்ட ஒரு மருத்துவமும், தம் மொழி பேசப்படாத நகரில் வாழும் ஒரு மக்கள் கூட்டமும் எவ்வாறு ஒன்றையொன்று எதிர்கொண்டன என்னும் வினாவே இக்கட்டுரையின் களம். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளை மையமாகக் கொண்டு இவ்வினா ஆராயப்படுகிறது.

சொல்லும் பொருளும்

உளவியல் ஆலோசனையைக் குறிக்கத் தமிழில் ஒருமித்த கலைச்சொல் இன்றும் அமையவில்லை. தமிழகத்தில் 'ஆலோசனை' என்பது பெருவழக்கு. ஈழத்தில் 'உளவளத்துணை' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. போரின் அழிவுகளுக்கிடையே யாழ்ப்பாணத்தில் மனநலப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் தமிழ் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய வடுக்களை 1998-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் ஆராய்ந்தார். அங்குத் துயருற்றவர்களும் துணை செய்தவர்களும் தமிழிலேயே பேசியமையால் கலைச்சொல்லும் தமிழில் வேரூன்ற வாய்ப்புக் கிடைத்தது எனலாம்.

தமிழக உளவியலாளர் சிலர் கையாளும் 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல் இலக்கிய மாணவர்க்குத் தனிச்சிறப்புடையது. ஆறு என்பது வழி, ஆற்றுப்படுத்தல் வழிப்படுத்தல். பத்துப்பாட்டுள் செம்பாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்று வந்த வழியைக் காட்டுவது புரவலனைப் பாடும் ஆற்றுப்படைகளின் பொது அமைப்பு. இதில் நோக்கத்தக்க கூறுகள் இரண்டு. ஒன்று, வழி காட்டுபவன் பரிசில் தருபவன் அல்லன். நடக்க வேண்டியவன் கேட்பவனே. மற்றொன்று, வழி காட்டுபவன் முன்பு அதே வறுமையில் இருந்தவன். உளச்சிகிச்சையாளர் அறிவுரை கூறித் தீர்வை வழங்குபவர் அல்லர், துயருற்றவர் தம் வழியைத் தாமே காண உடனிருப்பவர் என்பது இக்கால உளவியலின் அடிப்படைக் கொள்கை. அதனை உணர்த்த 'ஆலோசனை' என்பதனினும் 'ஆற்றுப்படுத்தல்' பொருத்தமாதல் தெளிவு. எனவே இக்கட்டுரையில் அச்சொல்லே கையாளப்படுகிறது.

மூன்று குடியேற்றங்கள், நான்கு நிலைக்களன்கள்

மும்பைத் தமிழர் ஒரே தன்மையினர் அல்லர். கோலி மீனவர்களின் சிற்றூராக இருந்த தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தமிழர் வந்தனர். திருநெல்வேலிப் பகுதியினர் அவர்களுள் மிகுதி. ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் ஊரில் நிலவிய சாதிக் கொடுமையிலிருந்தும் வறுமையிலிருந்தும் விலகிவர இந்நகர் வழியமைத்தது. ஆதிதிராவிட மகாசன சங்கம் போன்ற அமைப்புகளைத் தோற்றுவித்து, கோயிலும் பள்ளியும் பஞ்சாயத்தும் நடத்தித் தமக்கென ஒரு வாழ்வை அவர்கள் அமைத்துக்கொண்டனர்.

மாதுங்கா வேறு வகையினது. 1896-இல் பரவிய கொள்ளை நோயின் விளைவாக 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் தாதர்–மாதுங்கா திட்டத்தால் உருவான குடியிருப்பு அது. ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகப் பணிக்கு வந்த தமிழ் நடுத்தர வகுப்பினர் அங்குத் தங்கினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும், 1952-இல் சண்முகானந்தா நுண்கலைச் சபை நிறுவப்பெற்றதும் அவ்வகுப்பினரின் நிலைபேற்றைக் காட்டுவன. செம்பூரோ விடுதலைக்குப் பின் வளர்ந்த புறநகர். டிராம்பேயில் அமைந்த அணு ஆராய்ச்சி மையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் ஆகியவற்றின் பணியாளர்களாகத் தமிழர் பலர் அப்பகுதியில் குடியேறினர்.

தொல்காப்பியர் கூறிய நான்கு நிலைக்களன்களையும் இம்மூன்று குடியேற்றங்களிலும் பொருத்திக் காணமுடிகிறது. ஊரில் சாதியால் இகழப்பட்டவர், நகரில் மொழியால் இகழப்பட்டனர். 1966-இல் தோன்றிய சிவசேனை தன் தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியரை இலக்காக்கி நடத்திய இயக்கம், மாதுங்காவின் அலுவலகப் பணியாளரையும் தாராவியின் கூலித் தொழிலாளரையும் ஒருசேர அச்சுறுத்தியது. 1992 திசம்பரிலும் 1993 சனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களில் 900 பேர் உயிரிழந்தனர் என ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. தாராவி அக்கலவரத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. நிலை கெடுதலுக்குத் தோல் தொழிற்கூடங்கள் தாராவியை விட்டு அகற்றப்பட்டதும், 2004 முதல் மறுசீரமைப்புத் திட்டங்களின் நிழலில் வீடு நிலைக்குமா என்னும் ஐயத்தோடு மக்கள் வாழ்வதும் சான்றுகள். பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் மாதுங்காவிலும் செம்பூரிலும் தனித்திருக்கும் முதியோரின் நிலையும் இதன்பாற்படும்.

நாஞ்சில் நாடன் 'மிதவை', 'சதுரங்கக் குதிரை' ஆகிய புதினங்களில் பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழ் ஆடவனின் தனிமையைச் சித்திரித்தார். மருத்துவச் சொற்கள் எவையும் இன்றியே நகரத் தமிழரின் மனச்சோர்வைப் பதிவு செய்த ஆவணங்களாக அவற்றைக் கொள்ளலாம்.

பேச்சு மருத்துவத்தின் தோற்றமும் பம்பாய் வருகையும்

பேச்சினால் நோய் தீர்க்கும் முறையின் வரலாறு வியன்னாவில் தொடங்குவதாகக் கூறுவது மரபு. மருத்துவர் யோசப் பிராயர் 1880–82-இல் மருத்துவம் பார்த்த இளம்பெண் ஒருவரின் வரலாறு, பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் இணைந்து 1895-இல் வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ' என்னும் புனைபெயரில் இடம்பெற்றது. அவரது இயற்பெயர் பெர்த்தா பாப்பென்ஹைம். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துவந்த காலத்தில் அவர் நோய்வாய்ப்பட்டார். தந்தை இறந்தபின் நோய் முற்றியது. அந்நோயின்போது அவர் தம் தாய்மொழியாகிய செருமானியத்தைப் பேசும் ஆற்றலை இழந்து ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். இச்சிகிச்சைக்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் இட்டவரும் அவரே. அவர் அச்சிகிச்சையால் முற்றும் குணமடையவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர் நிறுவினர். எனினும், பேச்சு மருத்துவத்தின் முதல் வரலாறே தந்தையின் இழப்போடும் தாய்மொழியின் இழப்போடும் பிணைந்திருப்பது இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது.

இந்தியாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். பொது மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவு தொடங்கப்பட்டதும் அந்நகரிலேயே, 1933-இல். பம்பாயில் 1938-இல் ஜே.ஜே. மருத்துவமனையில் கே.ஆர். மசானி அத்தகைய பிரிவைத் தொடங்கினார். இத்தாலியில் யூதர்க்கெதிரான இனச்சட்டங்கள் வந்தபோது அங்கிருந்து வெளியேறிய உளப்பகுப்பாய்வாளர் எமிலியோ செர்வாதியோ போர்க்காலத்தைப் பம்பாயில் கழித்தார். அதுவரை மனநோயாளர்க்கு இந்நகரம் அறிந்திருந்த இடம் 1901-இல் தொடங்கப்பட்ட தானே மனநல மருத்துவமனை போன்ற காப்பகங்களே. அடைத்து வைத்தலினின்று அமர்ந்து பேசுதலுக்கு நகர்ந்தது பெருமாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பேச்சு பெரிதும் ஆங்கிலக் கல்வி பெற்ற மேல்தட்டினரின் பேச்சாகவே அமைந்தது.

இதற்கு இணையாகச் சமூகப் பணியின் வழியே மற்றொரு நீரோட்டம் உருவாயிற்று. 1936-இல் கிளிபோர்டு மான்ஷார்ட் தலைமையில் தொடங்கப்பெற்ற சர் தொராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி, 1937-இல் குழந்தை வழிகாட்டு மையம் ஒன்றை அமைத்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அது, 1954-இல் செம்பூரை அடுத்த தேவ்நாருக்கு இடம்பெயர்ந்தது. கே.இ.எம். மருத்துவமனையின் என்.எஸ். வாஹியா, பதஞ்சலியின் யோகக் கருத்துகளை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை முறையை 1960-களிலும் 1970-களிலும் உருவாக்கி ஆராய்ந்தார். ஜே.எஸ். நேகி 1973-இல் குரு–சீடர் உறவைச் சிகிச்சை உறவுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகுமா என ஆராய்ந்தார். மேலைநாட்டு முறையை இந்திய மனத்துக்கேற்பத் தகவமைக்கும் முயற்சிகள் இவை. இவ்விரண்டு முயற்சிகளும் தத்துவ மரபிலிருந்து பாலம் அமைக்க முயன்றன. மக்கள் நாள்தோறும் துயரைச் சொல்லும் வழக்குமொழி அவற்றின் மையமாக அமையவில்லை.

மரபுவழிப் பேச்சுக் களங்கள்

மருத்துவமனைப் பேச்சு எட்டாத இடத்தில் மக்கள் பேசாதிருந்தனர் எனக் கருதுதல் பிழையாகும். ஒப்பாரி அவர்களது முதற்களம். தமிழகச் சிற்றூர்களின் இறப்புப் பாடல்களை ஆராய்ந்த இசபெல் கிளார்க்–டெசே 2005-இல் வெளியிட்ட நூலில், ஒப்பாரி பாடும் பெண்கள் பலவேளைகளில் இறந்தவரைக் காட்டிலும் தம் சொந்தத் துயரையே அழுது தீர்க்கின்றனர் என்னும் கருத்தை முன்வைத்தார். பிறந்த வீட்டின் புறக்கணிப்பையும், கணவன் வீட்டின் கொடுமையையும், கைம்மையின் வறுமையையும் பெண் ஒருத்தி ஊரறியச் சொல்ல இசைவு பெற்ற களம் இழவு வீடே. கட்டிப்பிடித்து அழும் மற்றப் பெண்கள் அவளது சொல்லைக் கேட்கின்றனர். தம் சொல்லையும் சேர்க்கின்றனர்.

இரண்டாவது களம் துக்கம் விசாரித்தல். 'எப்படி நடந்தது?' என ஒவ்வொருவரும் கேட்க, இழந்தவர் இறுதி நாள்களின் வரலாற்றைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். புறநோக்கில் இது சடங்கு. உளவியல் நோக்கில் இது இழப்பை உண்மையென ஏற்கும் பயிற்சி. இழப்பை ஏற்றல், வலியை உணர்ந்து கடத்தல், இறந்தவர் இல்லாத உலகுக்கு இசைதல், அவரோடு நிலைத்த ஓர் உறவைப் பேணிக்கொண்டே வாழ்வைத் தொடர்தல் என்னும் நான்கு பணிகளை வில்லியம் வோர்டன் இழப்புத் துயர் பற்றிய தம் நூலில் வகுத்தார். 1982-இல் முதலில் வெளிவந்த அந்நூலின் பின்னைய பதிப்புகளில் நான்காம் பணி இவ்வடிவம் பெற்றது. பதினாறாம் நாள் கருமாதியும் ஆண்டு நிறைவில் தலைத்திவசமும் அப்பணிகளுக்குக் காலவரையறை இட்டுத் தரும் சமூக ஏற்பாடுகளாக விளங்குவதை ஒப்புநோக்கலாம்.

மூன்றாவது களம் குறி கேட்டல். சாமியாடியிடமும் கோடாங்கியிடமும் சென்று குறை சொல்லுதல் இதன்பாற்படும். இங்கும் பேச்சு உண்டு, கேட்பவரும் உண்டு. ஆனால் காரணம் தெய்வத்தின்மேலோ செய்வினையின்மேலோ ஏற்றப்படுகிறது. இக்களத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் நிகழ்ந்த தீ விபத்து உணர்த்திற்று. தர்காவின் அருள் நாடிக் கொண்டுவரப்பட்டுத் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் அதில் மாண்டனர். மரபைப் போற்றும் ஆய்வாளர் இந்நிகழ்வை மறத்தல் கூடாது.

மொழிபெயர்ப்பில் தொலைந்த நோய்

இவ்விடத்தில் கட்டுரையாளரின் இளமைக்கால நிகழ்வு ஒன்றைக் குறிப்பிடுதல் ஆய்வுப் பொருளுக்குத் தேவையாகிறது. மும்பையில் வாழ்ந்த அத்தை ஒருவர், மகனை இழந்த சில திங்களுக்குப் பின் உடல் நலிவுற்றார். பள்ளி மாணவனாயிருந்த கட்டுரையாளர் மொழிபெயர்ப்பாளனாக அவருடன் மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் இந்தியில் வினவினார். அத்தை, 'நெஞ்சு அடைக்குது, ராத்திரியில தூக்கம் பிடிக்கல, உடம்பெல்லாம் ஒரே உளைச்சல்' என்றார். நெஞ்சு வலி, தூக்கமின்மை, உடல் வலி என்று இந்தியில் கூறப்பட்டது. இதயத்துடிப்புப் பதிவு எடுக்கப்பட்டது. குறையேதும் இல்லை எனச் சொல்லி வலி மாத்திரை தந்தனர். மகன் இறந்த செய்தியை மருத்துவர் கேட்கவில்லை, மொழிபெயர்த்தவனும் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான சொல் தரப்பட்டது. ஆனால் சொல்லப்பட்ட செய்தி சென்று சேரவில்லை.

தமிழில் நெஞ்சு என்பது மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். 'உளைச்சல்' உடலுக்கும் உண்டு, உள்ளத்துக்கும் உண்டு. 'மனம் சரியில்லை' என்று கூறத் தயங்கும் ஒருவர் உடலின் பெயரால் உள்ளத்தைச் சொல்ல இச்சொற்கள் இடம் தருகின்றன. தமிழறிந்த செவி அவ்விரட்டைப் பொருளை உணரக்கூடும். பிறமொழியில் ஒரு பொருளே எஞ்சும், அதுவும் உடற்பொருளே எஞ்சும்.

இப்பிழை புதியதன்று. அகப்பாடல்களில் இடம்பெறும் வெறியாட்டு இதனையே பேசுகிறது. மகளின் மெலிவைக் கண்ட தாய் கட்டுவிச்சியை வினவி, முருகனால் வந்த வருத்தம் எனக் கொண்டு வேலனை அழைக்கிறாள். மகளின் துயர்க்குக் காரணம் காதல் என்பதனை அறிந்தவள் தோழி ஒருத்தியே. ஐங்குறுநூற்றின் வெறிப்பத்து இவ்வறியாமையை எள்ளி அமைகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுமையும், தலைவியின் நோயறியாது வருந்தும் செவிலிக்கு உண்மையை எடுத்துரைக்கும் தோழியின் பேச்சேயாகும். மெய்யில் தோன்றும் வேறுபாட்டைக் கண்டு காரணத்தைத் தவறாகக் கணிக்கும் வேலனும், இதயத்துடிப்பைப் பதிந்து குறையில்லை என்னும் கருவியும் ஒருவகையில் ஒத்தனர். அறத்தொடு நிற்கும் தோழியின் இடம்தான் மருத்துவமனையில் வெற்றிடமாயிருந்தது. அவ்விடத்தில் நின்றிருக்க வேண்டிய சிறுவன் தன் கடமையை அறிந்திலன்.

தோழியின் கேட்டலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தலைவியின் துயரை அவள் ஊருக்கு அலர் தூற்றுவதில்லை. உரிய காலத்தில் உரியவரிடம் மட்டுமே வெளியிடுகிறாள். இக்கால ஆற்றுப்படுத்தலின் முதல் விதியாகிய மறைகாத்தல் இதனோடு ஒப்பிடத்தக்கது. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பமே வாழும் தாராவியில், பிறர் செவிப்படாது பேச ஓரிடம் கிடைத்தல் அரிது. ஆற்றுப்படுத்துநரின் சிற்றறை அங்கு மருத்துவ வசதியாக மட்டுமன்றித் தனிமை என்னும் அரும்பொருளாகவும் பயன்படுவதை உணர்தல் வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பின்

புத்தாயிரம் இந்நிலையில் சில மாற்றங்களைக் கொணர்ந்தது. தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராகப் பணியாற்றிய அர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் தோற்றுவித்த சினேகா அமைப்பு, தாராவியில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்கும் பணியோடு ஆற்றுப்படுத்தலையும் இணைத்தது. பாந்த்ராவிலுள்ள பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் இணைந்து தொடங்கிய 'திலாசா' மையம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் பொது மருத்துவமனைக்குள்ளேயே ஆற்றுப்படுத்தல் கிடைக்க வழிசெய்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012-இல் 'ஐகால்' என்னும் தொலைபேசி வழி உளவியல் சேவையைத் தொடங்கிற்று. துயரைத் தனிமனிதக் குறையாகக் காணாது, இகழ்ச்சியோடும் வறுமையோடும் வன்முறையோடும் சேர்த்து நோக்கும் பார்வையைச் சினேகா, திலாசா ஆகியவற்றின் பணியில் காணமுடிகிறது. அழுகையின் நிலைக்களன்களைப் புறவாழ்வில் தேடிய தொல்காப்பியரின் பார்வையோடு அது உடன்படுவதாகும்.

பேச்சு உண்மையில் நோய் தீர்க்குமா என்னும் ஐயத்துக்கும் இக்காலத்தில் விடை கிடைத்தது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேலும் சங்காத் அமைப்பினரும் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. கடுமையான மனச்சோர்வுற்றோர்க்கு, மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினர். கைவிட்ட சிறு செயல்களை மீண்டும் படிப்படியாக மேற்கொள்ளத் தூண்டுதல் அம்முறையின் உயிர்நாடி. மூன்று திங்களில், ஆற்றுப்படுத்தல் பெற்றோருள் 64 விழுக்காட்டினர் நோய் நீங்கப்பெற்றனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் அது 39 விழுக்காடு. மக்களின் மொழியறிந்த எளியவரும் முறையான பயிற்சி பெற்றால் இப்பணியைச் செய்யலாகும் என்பது இவ்வாய்வின் பேறு. முன்னர்ச் சுட்டிய ஆற்றுப்படைக் கலைஞனும் எளியவனே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தேவையோ மிகப் பெரிது. 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்தப்பெற்ற தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தோருள் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினர்க்கு மனநலக் குறைபாடு இருந்தது. குறைபாட்டின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். தமிழ்நாடு அப்பன்னிரண்டுள் ஒன்று. மகாராட்டிரம் அதில் இடம்பெறவில்லை. எனவே மும்பைத் தமிழர் இரு கணக்கிலும் சேராதவராயினர்.

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சேவை பெறுதலைக் குடிமக்களின் உரிமையாக்கிற்று. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதவேண்டும் எனவும் விதித்தது. தாம் அறியும் மொழியில் தகவல் பெறும் உரிமையையும் நோயுற்றவர்க்கு அளித்தது. தகவலைத் தம் மொழியில் பெறுதல் ஒன்று. துயரைத் தம் மொழியில் சொல்லுதல் மற்றொன்று. பேச்சே மருந்தாகும் இடத்தில் இரண்டாவதே இன்றியமையாதது.

பெருந்தொற்றும் தடையுண்ட துக்கமும்

2020-ஆம் ஆண்டு மேற்கூறிய மரபுக் களங்களையும் ஒரே நேரத்தில் முடக்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. நெருக்கமிகுந்த அப்பகுதி நோயைக் கட்டுப்படுத்திய முறை பின்னர் உலகின் பாராட்டைப் பெற்றது. ஆனால் அக்காலத்தில் மாண்டோர்க்கு அழுவார் இல்லை. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. தொடர்வண்டிகள் நின்றமையால் திருநெல்வேலியில் தாய் இறந்தபோது மும்பையிலுள்ள மகன் செல்ல இயலவில்லை. மும்பையில் தந்தை இறந்தபோது ஊரிலுள்ள உறவினர் வர இயலவில்லை. ஒப்பாரியும் துக்கம் விசாரித்தலும் பதினாறாம் நாளும் பல வீடுகளில் நிகழாது போயின. இறந்தவரைப் பாடும் கையறுநிலை என்பது புறத்திணையின் ஒரு துறை. கையற்ற நிலையையும் பாட்டாக்க முடிந்த மரபுக்கு, அழக்கூடத் திரள முடியாத நிலை முன்னறியாதது.

இச்சூழலில் மருத்துவ உலகில் நிகழ்ந்த மாற்றம் ஒன்று கருதத்தக்கது. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்களின் பதினோராம் பன்னாட்டு வகைப்பாட்டில், நீடித்த இழப்புத் துயர் தனிக் குறைபாடாக இடம்பெற்றது. ஆறு திங்களுக்கு மேல் நீடித்து, இழந்தவரின் பண்பாட்டில் இயல்பெனக் கருதப்படும் அளவையும் கடந்து, வாழ்வை முடக்கும் துயரே அவ்வாறு கணிக்கப்படும். ஒரு பண்பாட்டில் துக்கத்தின் இயல்பான அளவு யாது என்பதனை மருத்துவர் அறியாது இக்கணிப்பைச் செய்யவியலாது. ஓராண்டுத் துக்கம் காக்கும் வழக்கமுடைய தமிழ்க் குடும்பத்தில் ஆறாம் திங்களின் அழுகை நோயாகாது. மாறாக, சடங்கு தடைபட்டமையால் உறைந்துபோன மௌனம் நோயாகக்கூடும். தமிழரின் இறப்புச் சடங்குகளையும் பாடல்களையும் ஆராயும் தமிழ்த்துறைகளின் அறிவு இங்கு மருத்துவத்துக்கே தேவைப்படுவதாகிறது.

2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பெற்ற டெலி–மானஸ் என்னும் நடுவண் அரசின் சேவை, 14416 என்னும் இலவச எண்ணில் தமிழ் உட்பட 20 மொழிகளில் ஆற்றுப்படுத்தல் வழங்குகிறது. தாராவியில் இருக்கும் ஒருவர் தம் மொழியில் பேச அரசு தந்த ஒரு வாயில் என்னும் வகையில் இது வரலாற்றுச் சிறப்புடையது. எனினும் தொலைபேசிக் குரல் நேரில் அமர்ந்து கேட்கும் செவிக்கு முழு ஈடாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

பேச்சு மருத்துவம் மும்பைக்கு முதலில் ஆங்கிலத்தின் வழியே வந்தது; சமூகப் பணியின் வழியே எளிய மக்களை நெருங்கியது; தமிழ் பேசும் குடியேறிகளை மிகப் பிந்தியே அடைந்தது. அதுவரை ஒப்பாரியும் துக்கம் விசாரித்தலும் குறி கேட்டலும் அவர்தம் பேச்சுக் களங்களாயிருந்தன. இவற்றுள் சில இக்கால உளவியல் வகுத்த பணிகளோடு ஒப்பவும், சில தீங்கு பயக்கவும் கண்டோம்.

உடலையும் உள்ளத்தையும் ஒரே சொல்லால் சுட்டும் தமிழின் இயல்பு, மொழிபெயர்ப்பில் நோயை மறைத்துவிடுகிறது. ஆதலின் ஆற்றுப்படுத்தலில் மொழி ஊடகம் மட்டுமன்று, கருவியும் ஆகும். மும்பையில் தமிழறிந்த இளைஞரைப் பயிற்றி இப்பணியில் அமர்த்துதலும், துயரை வெளியிடும் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து மருத்துவர்க்கு வழங்குதலும் உடனடியாகச் செய்யத்தக்கன. பின்னதனைத் தமிழ்த்துறைகளே செய்தல் இயலும். நெல்லை வழக்கில் ஒரு தாய் 'நெஞ்சு அடைக்குது' என்னும்போது அவள் சொல்வது இன்னது என எழுதிவைத்த ஓர் அகராதி இருந்திருப்பின், பள்ளிச் சிறுவன் ஒருவனின் இந்தியை நம்பி மருத்துவம் நடந்திராது.

அத்தை பின்னர் நெடுங்காலம் வாழ்ந்தார். மகனைப் பற்றி அவர் முதன்முதலாக விரிவாகப் பேசியது, பல்லாண்டு கழித்து ஊரில் வேறொருவரின் இழவு வீட்டில், ஒப்பாரியில்தான். அன்று அவரைச் சூழ்ந்திருந்த பெண்கள் எவரும் மொழிபெயர்ப்பை வேண்டவில்லை.